நான் பார்க்காமல் எழுதிய பதினொரு விநாடி

1

மூன்று மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு தொடருக்கு நான் கொடுத்த நான்கு நட்சத்திரங்களையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையே என்றார் ஆசிரியர். இல்லைதான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிற வழக்கமும் இருக்கக் கூடாது. அதை நான் செய்தேன்.

தொடரின் பெயரை மறுபடி எழுதி அதற்கு இன்னொரு விளம்பரம் தர மனமில்லை. பழைய இதழை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வட ஐரோப்பாவில் ஒரு துறைமுகம், கப்பல் விபத்துகளைத் துப்புத் துலக்கும் ஒரு பெண் அதிகாரி, ஒன்பது பகுதிகள், எப்போதும் மழை. என் விமர்சனத்தின் இரண்டாவது பத்தி இப்படித் தொடங்கும்: 'தலைப்புக் காட்சியே நெஞ்சைப் பிசைகிறது.'

அந்தத் தலைப்புக் காட்சியை நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் திரையின் ஓரத்தில் 'தொடக்கத்தைத் தவிர்' என்று ஒரு பொத்தான் வரும். ஆறு வருடமாக மாதம் நான்கைந்து தொடர்களை விழுங்கி உங்களுக்கு எழுதுகிறவனுக்கு அந்தப் பொத்தான் எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, ஊரிலிருந்து வரும் போனுக்கு 'ம்' கொட்டியபடி பார்ப்பேன். நான் இருக்கும் டென்மார்க்கில் விமர்சகர்கள் எல்லாரும் அந்தத் தலைப்புக் காட்சியைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். நானும் ஒரு வரியை உருவி என் பெயரில் போட்டுக்கொண்டேன்.

2

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஊர் இனயம், குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். எட்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அதற்குப் பிறகு டென்மார்க்கின் மேற்குக் கரையில், எஸ்பியர் என்ற துறைமுக நகரத்தில், மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில் குளிர் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். மீனை விட்டு ஓடி வந்தவன் கடைசியில் மீனுக்கே ஐஸ் வைக்கிறேன் என்று என் அக்கா ஸ்டெல்லா கிண்டல் செய்வாள்.

தொடர் பார்க்கும் பழக்கம் மொழி படிக்கத்தான் வந்தது. வகுப்புக்குப் போக நேரமில்லை, துப்பறியும் தொடர்களை வசன வரியோடு பார்த்துப் படித்தேன். அதனால் முதல் வருடம் முழுக்க இன்ஸ்பெக்டர் மாதிரியே பேசியிருக்கிறேன். குடியிருப்புச் சான்று வாங்கப் போன அலுவலகத்தில் ஒரு அம்மாள் முந்தின நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் பதிலுக்கு, 'நேற்று மாலை ஆறு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டேன். அலுவலகம் மூடியிருந்ததே என்பதைத்தான் அப்படிக் கேட்டேன். அவர் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார். என் மகள் லீனா இதைத் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குப் பதினைந்து வயது. டேனிஷ் மொழியில் கனவு காண்கிறவள். தமிழில் அவளுக்குச் சரளமாக வருவது ஒன்று முதல் நூறு வரை எண்கள் மட்டும். ஊருக்கு வந்திருந்த ஒரு விடுமுறையில் ஸ்டெல்லா அக்கா சோழி விளையாடியபடி சொல்லிக்கொடுத்தது.

3

விமர்சனம் வந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை ஷிஃப்ட், ஊரில் மதியம். கம்ப்ரசர் அறைக்கு வெளியே நின்றிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு அவள் மகள் ஜெனி, ஆசாரிப்பள்ளத்தில் நர்ஸாக இருப்பவள், விடுமுறைக்கு வந்தபோது தொடரைப் போட்டிருக்கிறாள்.

"லே, நீ எழுதுன படத்தப் பாத்தோம். நீ பாத்தியா?"

பார்த்துத்தானே எழுதினேன் என்றேன். மொதல்ல பாட்டு மாதிரி ஒண்ணு வருமே, அதைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன், நன்றாக இருக்கும் என்றேன்.

"அதுல நான் நிக்கேன் மக்கா."

எனக்குப் புரிவதற்குள் அவள் மேலே சொல்லத் தொடங்கினாள். நான் வாயால பறையது அதுல கேக்கும், நீ ஒருக்கா கேட்டுட்டு... என்று வந்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. நான் பாத்துக்கிடுதேன்க்கா என்று சொல்லி போனை வைத்தேன்.

நான் பாத்துக்கிடுதேன். வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்குச் சொல்கிற வார்த்தை இது ஒன்றுதான். மருந்தா, பத்திரமா, பள்ளிக்கூடமா, எதுவானாலும் நாம் பார்த்துக்கொள்வோம். அவர்கள் என்ன கேட்க வந்தார்கள் என்பதை மட்டும் கேட்க மாட்டோம்.

இயந்திர இரைச்சலில் நின்றபடியே போனில் முதல் பகுதியைத் திறந்தேன். இந்த முறை பொத்தானை அழுத்தவில்லை. கறுத்த கடல், சாய்ந்த கப்பல், எந்தெந்த நாட்டுக் கரைகளோ. பிறகு எங்கள் கரை. அடுக்கிய பாறைக் கற்கள், பின்னால் கோயில் கொடிமரம். கூட்டத்துக்கு முன்னால் ஸ்டெல்லா அக்கா, நைட்டிக்கு மேல் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு ஜீப்பின் அருகில். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளங்கையை விரித்திருக்கிறாள், வாய் அகலத் திறந்திருக்கிறது. நிறத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு நீலச் சாம்பலாக்கியிருந்தார்கள். அடியில் டேனிஷில் வசன வரி: [பெண் அந்நிய மொழியில் ஓலமிடுகிறாள்]. எண்ணிப் பார்த்தேன், பதினொரு விநாடி. ஒன்பது பகுதிக்கும் இதுவே தொடக்கம். ஒன்பது முறை என் அக்காவைத் தவிர்த்திருக்கிறேன்.

அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். ஏழெட்டு வருடத்துக்கு முன், புயல் அடித்த மூன்றாம் நாள். அவள் கணவர், என் மச்சான், அவரோடு இன்னும் ஐந்து பேர், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன படகோடு திரும்பி வரவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கரையில் குவிந்திருந்தார்கள். அப்படி எடுத்ததை யாரோ விற்று, யாரோ வாங்கி, இப்போது ஒரு துப்பறியும் கதைக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக வைத்திருந்தார்கள்.

4

இடைவேளை முடிவதற்குள் தொடரை வெளியிட்ட நிறுவனத்தின் புகார்ப் படிவத்தைத் திறந்துவிட்டேன். காட்சியில் இருப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது. கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, சட்டப் பிரதிநிதி. தம்பிக்கு இடமில்லை. நான் 'சட்டப் பிரதிநிதி' என்பதில் தட்டினேன். துக்கத்தை வியாபாரம் செய்கிறீர்கள், உடனே நீக்குங்கள், இல்லையென்றால் நீதிமன்றம் என்று எழுதினேன். இத்தனை வருடம் பார்த்த வழக்கறிஞர் தொடர்களெல்லாம் அன்றைக்குத்தான் பயன்பட்டன.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறார்களாம். காட்சியை உலகம் முழுவதிலும் நீக்கிவிட்டார்களாம். பழைய படப்பதிவுகளை விற்கும் ஒரு காட்சிக் களஞ்சியத்திலிருந்து முறைப்படி உரிமை பெற்றதுதானாம். அந்தக் களஞ்சியம் அதை எந்தத் தலைப்பில் வைத்திருந்தது என்பதையும் நேர்மையாக எழுதியிருந்தார்கள்: பெண், ஆசியா, கடற்கரை, துயரம். நான் அதைப் படித்துப் பல்லைக் கடித்தேன். அதே சமயம் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கர்வமும் இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

5

அடுத்த திங்கட்கிழமை ஜெனி கூப்பிட்டாள். அம்மா பேசணுமாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

அன்று மனு நாள். அக்காவும் ஜெனியும் இனயத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்று, மதியம் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போயிருக்கிறார்கள். ஐயா, இதப் பாருங்க என்று ஜெனி போனில் முதல் பகுதியைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். கறுத்த கடல் வந்தது, சாய்ந்த கப்பல் வந்தது. அக்கா வர வேண்டிய இடத்தில் அலை வந்தது. பதினொரு விநாடியும் அலை. அதிகாரி பொறுமையான மனிதராம். இதுல கடல்தானேம்மா இருக்கு என்றாராம். ஜெனி அடுத்த பகுதியைப் போட்டாள். அதிலும் அலை.

"நீ எடுக்கச் சொன்னியா?" என்று கேட்டாள் அக்கா. ஆமாம் என்றேன்.

"ஏம்லே? அது எனக்க சாட்சியில்லியா. கொண்டு களஞ்சிட்டியே."

எதைத் தொலைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அதை அவள் எனக்கு ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறாள் என்பதும் விளங்கியது. மச்சான் காணாமல் போய் ஏழு வருடம் முடிந்து இறப்புச் சான்று வந்தது. அதோடு ஒரு விசாரணைக் குறிப்பின் நகலும் வந்தது. அதில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'படகின் கடைசி இருப்பிடம் குறித்துக் குடும்பத்தாரிடமிருந்து தகவல் ஏதும் பெறப்படவில்லை.' இதை அவள் போனில் வாசித்துக் காட்டியபோது நான் 'ம்' என்றிருக்கிறேன். அந்த நேரம் எந்தத் தொடரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தேனோ தெரியாது.

தகவல் கொடுக்கப்பட்டது. புயலின் இரண்டாம் நாள் கரை சேர்ந்த இன்னொரு படகுக்காரர், வயர்லெஸ்ஸில் மச்சானோடு கடைசியாகப் பேசியவர், ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லியிருக்கிறார். எங்கள் கரையில் பெண்களுக்கும் அந்த எண் என்னவென்று தெரியும். புருஷன் எந்தக் கடலில் கிடக்கிறான் என்று அப்படித்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும், நீ படிச்சவ, நீயே போயி சொல்லு என்று அக்காவை முன்னே தள்ளியிருக்கிறார்கள். மறந்துவிடக் கூடாது என்று அவள் எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கையைத் தூக்கியது வானத்தைப் பார்த்து முறையிட இல்லை. கையில் எழுதியிருந்ததை அதிகாரிக்குக் காட்டினாள். காட்டியபடியே உரக்க வாசித்தாள்.

இப்போது அந்தக் காகிதம் வந்த பிறகு, ஐந்து வீட்டிலும் பேச்சு மாறிவிட்டது. ஒருத்தி கோயில் முற்றத்தில் வைத்து நேராகவே கேட்டிருக்கிறாள், நீ அன்னைக்குச் சொன்னியா, இல்ல சும்மா நின்னு கண்ணீர் விட்டுக் கரஞ்சியா என்று. அரசாங்கம் காகிதத்தில் எழுதிவிட்டதே. ஏழு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து செபம் சொன்னவர்கள். அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அக்காவுக்கு. அதற்கு ஒரு சாட்சி இல்லாமல் அவள் அல்லாடிக்கொண்டிருந்தபோது, உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்து அந்தப் பதினொரு விநாடி தானாக அவள் வீட்டு டிவிக்கு வந்தது. தம்பி அதை அழித்துவிட்டான்.

6

அதன் பிறகு நான் எழுதிய மின்னஞ்சல்களை எண்ணவில்லை. நீக்கியதை எனக்குக் கொடுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டேன். காட்சியில் இருப்பவரின் தனியுரிமையைக் காக்க அதை யாருக்கும் தர இயலாது என்றார்கள். விற்கும்போது எங்கே போயிருந்தது இந்தத் தனியுரிமை? நான்தான் அவருடைய சட்டப் பிரதிநிதி என்றேன். அதற்கான ஆவணத்தை அனுப்புங்கள் என்றார்கள். என் பொய் என் காலையே சுற்றியது. அக்காவே எழுதினால் தருவார்களா என்று கேட்டதற்கு, விண்ணப்பம் டேனிஷிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், அவர்தான் அந்தப் பெண் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். காட்சிக் களஞ்சியமோ, மூலப் பதிவு எங்களிடம் இல்லை, வெட்டிய துண்டுதான் வந்தது என்றது. துண்டையாவது கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். முதல் நாளே ஜெனி டிவித் திரையைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். படம் ஆடுகிறது, மேலே வயலின் வழிகிறது. அலுவலகத்தில் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சினிமாவிலிருந்து எடுத்ததை எப்படியம்மா ஆதாரமாக வைப்பது என்றார்களாம். அதை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மேசையில் வைத்துப் போட்டேன். என் காதில் வயலினும் கூட்டத்தின் இரைச்சலும் அக்காவின் குரலுமாகக் கலங்கலாகத்தான் விழுந்தது. லீனா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எழுபத்து நாலு," என்றாள் தமிழில். பிறகு டேனிஷில், அத்தை ஏன் எண் சொல்கிறாள் என்று கேட்டாள்.

மறுபடி போட்டேன். அவள் ஸ்பூனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எட்டு. பதினாறு. எழுபத்து நாலு. நாற்பது. நான் கையில் கிடைத்த ரசீதின் பின்புறம் எழுதினேன். என் மகளுக்குத் தமிழே தெரியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்கிறவன் நான். அன்றைக்கு அவளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

7

இப்போது உங்களிடம் வருகிறேன்.

விமர்சனம் வந்த வாரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் வீடுமாக இருக்கிற நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பொம்பள கதறுறதக் கேட்டதும் எனக்கே கண்ணு நெறஞ்சிட்டுவே என்றார். இனயத்துக்கும் பூதப்பாண்டிக்கும் ஒரு பஸ் மாறினால் போதும். அவருடைய தாய்மொழியில்தான் அவள் பேசுகிறாள். அவருக்கும் ஓலம்தான் கேட்டது. அவரிடம் இதைச் சொன்னபோது, இதையும் எழுதும், என் பேர வேணும்னாலும் போடும் என்றார். பெயர் போடவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

அந்த மாதம் பார்த்ததாக எனக்குக் கடிதம் எழுதியவர்கள் பதினேழு பேர். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், மீனவர் ஊரான கடியப்பட்டணத்திலிருந்துகூட ஒருவர். நெஞ்சைப் பிசைந்தது என்று என் வரியையே எனக்குத் திருப்பி எழுதியிருந்தீர்கள். ஒருவர்கூட அந்த அம்மா என்னவோ எண் சொல்கிறாளே என்று எழுதவில்லை. கடற்கரைப் பெண் வாயைத் திறந்தால் அது அழுகைதான் என்று ஜீப்பில் வந்த அதிகாரியும் நினைத்தார், களஞ்சியக்காரனும் நினைத்தான், டென்மார்க்கில் வசன வரி எழுதியவனும் நினைத்தான், நீங்களும் நினைத்தீர்கள். பார்க்காமலே நானும் எழுதினேன். இதில் எனக்குப் பெரிய கோபம் யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். ஆனால் உங்களை விட்டுவிடுவதாக இல்லை.

நீங்கள் பார்த்தீர்கள். நீக்குவதற்கு முன் பார்த்தவர்கள் நீங்கள். அவள் கையில் பேனா எழுத்து இருந்ததைப் பார்த்தவர்கள், அவள் குரலைக் கேட்டவர்கள். நினைவுபடுத்திப் பாருங்கள், ஓர்மை வந்தால் பெயரும் ஊரும் போட்டு இதழ் முகவரிக்கு எழுதுங்கள். ஜெனி அந்தக் கடிதங்களை அடுத்த மனு நாளில் கொண்டுபோவாள். அதிகாரி ஏற்பாரோ மாட்டாரோ, ஐந்து வீட்டிலும் வாசித்துக் காட்டலாம். அது போதும் என்கிறாள் அக்கா.

அந்தப் பதினொரு விநாடியில் அவள் சொன்னது இது. மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதி ஒத்துப்பார்த்தது. விமர்சகன் என்ற முறையில் நான் இதுவரை எழுதியவற்றில் பார்த்து, கேட்டு எழுதியது என்று இதைத்தான் சொல்வேன்:

"எட்டு டிகிரி பதினாறு, சாரே. எழுபத்தி நாலு டிகிரி நாப்பது. கரையில இருந்து நேர மேக்க. ஆறு பேரு கெடக்கான். எழுதும் சாரே. இன்னா, கையில இருக்கு, பாத்து எழுதும்."

இதை அச்சுக்கு அனுப்பும் முன் போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், முதல் வரியிலிருந்து கடைசி வரை, சாதாரண வேகத்தில். முடித்த பிறகு ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள். மேலே ஓர் இடத்தில், அன்றைக்குக் கரையில் அவள் அழுதுகொண்டே வாசித்தாள் என்று நான் எழுதியிருந்தேன்.

"அன்னைக்கு நான் கரையல்ல மக்கா," என்றாள். "கரஞ்சா எண்ணு தப்பிரும்லா."

எடுத்துவிட்டேன்.